சிடிக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு சந்து. சந்துக்குள் ஒரு மாடிப்படி. படிக்குக் கீழே, குனிந்துதான் நுழையவேண்டும் என்கிற அளவில் ஒரு கடை. அதன் வாசலில் நின்றுகொண்டு நான் கத்துகிறேன்.

“இத்தனை வருஷமா உன் கடைக்கு வரேன் பாய்! எங்கிட்டயே டூப்ளிகேட்டைத் தள்ளிட்டியா?”

என் கையில் ஒரு சிடி. உள்ளே அன்வர் பாய் ஏதோ ஒரு போர்டுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருக்கிறார். ரெசின் புகை மூக்கில் ஏறுகிறது. கடையில் நின்ற இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பாய் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். சிடியை வாங்கி ட்யூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். பிறகு யாரும் செய்யாத ஒரு காரியம் செய்தார். சிடியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். இன்னொரு தடவையும் மோந்தார்.

“கோவிந்தண்ணே...” என்று ஆரம்பித்தார்.

அவர் சொன்னதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்னை வெறும் முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். நான் யார் என்று தெரிந்துகொண்டு அப்புறம் சிரியுங்கள்.

தூக்கிப் பார்த்தே சொல்வேன்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாணியம்பாடியிலிருந்து வந்து ரயில்வே ஸ்டேஷன் பக்கம் மூட்டை தூக்கி, பிறகு வண்டி ஓட்டக் கற்று, பிறகு சொந்தமாக ஒரு லக்கேஜ் ஆட்டோ வாங்கி, ஈஜிபுராவில் வீடு பிடித்து, மூன்று வண்டிக்கு முதலாளி ஆனேன். யார் சிபாரிசும் கிடையாது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ் மாற்றுகிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஓசூர் ரோட்டின் மேல் பாலம் வராத காலம். நான் போய் நின்றால் செக்யூரிட்டி உள்ளே பார்த்து, “கோவிந்தண்ணா பந்த்ரு!” என்று குரல் கொடுப்பான். கோவிந்தண்ணன் வந்துவிட்டார் என்று கன்னடத்தில் அறிவிப்பு. என்னிடம் அடையாள அட்டை கேட்ட கேட் அங்கே ஒன்றுகூட இல்லை.

எத்தனை ஆயிரம் கம்ப்யூட்டர்களை இந்தத் தோள் தூக்கியிருக்கிறது! பழைய பெரிய மானிட்டரைத் தூக்கிப் பார்த்தே எத்தனை அங்குலம் என்று சொல்வேன். பெட்டியை ஆட்டிப் பார்த்தே உள்ளே எந்த ஸ்க்ரூ கழன்றிருக்கிறது என்று சொல்வேன். இன்ஜினியர் படித்த பிள்ளைகள் வாய் பிளந்து நின்றிருக்கிறார்கள்.

அப்படி ஒரு கம்பெனியை மாற்றிக் கொடுத்தபோது, அங்கிருந்த மேனேஜர் ஒரு பழைய மெஷினைக் காட்டி, “எடுத்துக்கோங்க கோவிந்தன், வீட்டுல யாருக்காவது ஆகும்” என்றார். உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். வீட்டில் அதன் மேல் ஒரு பூப்போட்ட துணி விரித்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். போட்டோவுக்கு மேல் அந்த மெஷினால் எனக்கு வேறு உபயோகம் இல்லை.

டானிக் வாங்கிக் கொடுத்தேன்

இங்கே என் மனைவி வசந்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

குடியாத்தத்துக்காரி. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அதற்கு மேல், தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். நாலாம் வகுப்புக்காரனுக்கு இப்படி ஒரு பெண் எப்படிக் கிடைத்தாள் என்று எங்கள் ஊரில் அப்போது ஆச்சரியப்பட்டார்கள். சொந்த வண்டி இருந்தது, அதனால் கிடைத்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணம் முடிந்து பெங்களூருக்கு அழைத்து வந்த புதிதில், கன்டோன்மென்ட் பக்கம் ஒரு தமிழ் அச்சகத்திலிருந்து அவளுக்கு வேலைக்கு ஆள் விட்டார்கள். டைப் அடிக்க. அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேரும் அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் எதிரில் சொன்னேன்: “என் பொண்டாட்டி சம்பளத்துக்குப் போற நிலைமையில நான் இல்ல.”

மச்சான்கள் இருவருக்கும் பெருமை தாங்கவில்லை. வசந்தா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளை நான் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவளிடம் ஒரு பழக்கம் பார்த்தேன். கை சும்மா இருந்தால் விரல்கள் ஆடும். குக்கர் விசில் வரும்வரை அதன் கைப்பிடியில் தட்டுவாள். பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில் தட்டுவாள். இடது கை நாலு விரல், வலது கை நாலு விரல், ஒழுங்காக மாறி மாறி. நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். பெரிய பாட்டில் டானிக் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் குடித்தாள்.

“குறைஞ்சுதா?” என்று கேட்டேன்.

“இன்னாங்க குறையணும்?” என்றாள்.

டானிக் தீர்ந்தது. தட்டுவது தீரவில்லை.

வாய் முந்திக்கொண்டது

ஒக்கலிபுரத்தில் சிவஞானம் சார் என்று ஒருவர் சின்னதாக அச்சகம் வைத்திருந்தார். அவருக்குப் பேப்பர் பண்டல் இறக்குவது என் வண்டிதான். ஒரு நாள் நான் போனபோது தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கும்பாபிஷேக மலர் ஒன்று கையில் இருக்கிறது, அத்தனையும் கையெழுத்தில். தமிழ் அடிக்கிற ஆள் சொல்லாமல் நின்றுவிட்டார்.

“எங்க வீட்டுலயே ஆளு இருக்கு சார்” என்றேன். “மெஷினும் இருக்கு.”

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

“தமிழ் அடிப்பாங்களா? டைப்ரைட்டர் முறையா?”

“ரெண்டு பரீட்சை பாஸ் சார். உங்க மலரெல்லாம் அவளுக்கு ரெண்டு நாள் வேலை.”

அவர் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்தார். “ஆயுத பூஜை லீவு முடிஞ்சு திங்கக்கிழமை கடை திறக்கறேன். இதுல நாலு பக்கம் அடிச்சு ஃப்ளாப்பியில கொண்டாங்க. சரியா இருந்தா இனிமே என்கிட்ட வர்ற தமிழ் வேலை எல்லாம் அவங்களுக்குத்தான். இல்லேன்னா மெட்ராஸ்லேர்ந்து ஆள் வரான், அவனைச் சேர்த்துப்பேன்.”

வீட்டுக்கு வந்து, ஏதோ காய்கறி வாங்கி வந்த மாதிரி அந்தக் கட்டை வசந்தாவிடம் நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவள் உள்ளே போனாள். ட்ரங்குப் பெட்டி திறக்கும் சத்தம். திரும்பி வந்தபோது கையில் சர்ட்டிபிகேட். நாப்தலின் உருண்டை வாசனை. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்:

“இது இன்னும் செல்லுமாங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டில் ஆள் இருக்கிறது, மெஷினும் இருக்கிறது. ஆனால் மெஷினுக்குள் ஒன்றுமே இல்லை.

இன்ஜின் ஒன்று, பாடி நாலு

அன்வர் பாயிடம் ஓடினேன். சிவாஜி நகர் பாய். உருது, கன்னடம், தமிழ் மூன்றும் ஒரே மூச்சில் பேசுவார். என் மெஷினின் அங்க அடையாளங்களைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார்.

“புது விண்டோஸ் இதுல உக்காராதுண்ணே. மெமரி பத்தாது. லினக்ஸ் போடுங்க.”

“அது இன்னா கம்பெனி?”

“கம்பெனி இல்ல. அரே, உங்க பாஷையில சொல்றேன் கேளுங்க. லாரி வாங்கினா இன்ஜினும் சேஸிஸும்தானே வரும்? பாடி யாரு கட்டறாங்க?”

“பாடி கட்டற பட்டறைக்காரன்.”

“அவ்ளோதான்! லினக்ஸ்ன்னா இன்ஜின். அதுமேல ஊர் ஊரா, ஆளுக்கு ஒரு பாடி கட்டி உடறாங்க. அதைத்தான் டிஸ்ட்ரோங்கறது. உங்க வண்டி கிழ வண்டி. எந்த பாடி தாங்கும்னு ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.”

எனக்கு இதைவிடத் தெளிவாக எந்தக் காலேஜிலும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாய் நாலு சிடி கொடுத்தார். பெயர்களை நான் வாசிக்க முயலவில்லை. மேலே படம் இருந்தது, அது போதும். ஒன்று தொப்பி. ஒன்று பச்சோந்தி. ஒன்று நாய்க்குட்டி. ஒன்று சிவப்பாக ஒரு சுழி. ஓட்டுச்சீட்டில் சின்னம் பார்த்துக் குத்தியவனுக்கு இது பெரிய கஷ்டமா?

தொப்பியைப் போட்டேன். பாரம் தாங்காமல் மெஷின் முனகியது. நான் குளித்து, சாப்பிட்டு வந்தும் திரை வரவில்லை. பச்சோந்தி போட்டேன். எனக்கு மெமரி போதாது என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டது. இரண்டையும் பாயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நாய்க்குட்டி போட்டேன். அடடா! அதை என்னவென்று சொல்வது! மின்னல் மாதிரி திரை வந்தது. வந்ததும் ஸ்பீக்கரில் ஒரு குரைப்பு. உண்மையான நாய்க்குட்டி குரைப்பு! தொட்டதெல்லாம் உடனே திறந்தது. ஈஜிபுரா சிக்னலில் பச்சை விழுந்ததும் சீறிக்கொண்டு போகிற வண்டி மாதிரி.

“இதுதான்! முடிஞ்சுது!” என்று கைதட்டினேன்.

வசந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “தமிழ் வருமா?”

சிவஞானம் சார் மாதிரிக்கு ஃப்ளாப்பியில் கொடுத்திருந்த ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தோம். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகச் சின்னப் பெட்டிகள். ஒரு எழுத்துகூட இல்லை.

“ஓட்டம் எப்பிடி பாத்தியா?” என்றேன்.

“உங்களுக்கு ஓடணும். எனக்கு எழுத்து தெரியணுமே” என்றாள். “நாலாவது ஒண்ணு பாக்கி கீதே.”

அந்தச் சுழி எனக்குப் பிடிக்கவில்லை. மாடு வாங்கும்போது சுழி பார்த்து வாங்குகிற பரம்பரை நான். சிவப்புச் சுழி, அதுவும் இப்படி வால் நீண்ட சுழி, எனக்குச் சரியாகப் படவில்லை. “பூஜை முடியட்டும், பாக்கலாம்” என்றேன்.

பொட்டு

பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் தெருவே பூசணிக்காய். ஒவ்வொரு வண்டிச் சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். என் மூன்று வண்டிகளையும் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஜாக்கி, ஸ்பேனர், கயிறு எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கினேன். வசந்தா கல்லில் சந்தனக்கட்டை உரசிக் கிண்ணம் நிறைய வைத்திருந்தாள்.

வண்டிகளுக்கு வைத்தேன். ஸ்பேனருக்கு வைத்தேன். கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு நெற்றியில் வைத்தேன். தட்டில் நாலாவது சிடி இருந்தது. அதுவும் தொழில் கருவிதானே?

படம் இருக்கிற பக்கத்தில் வைத்தால் படம் கெட்டுப்போகும் என்று யோசித்தேன். யோசிக்கிற மூளை எனக்கு எப்போதும் உண்டு. திருப்பி, படமில்லாத, கண்ணாடி மாதிரி பளபளக்கிற பக்கத்தில் அழகாக மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். மறுநாள் ஈரத்துண்டால் சுற்றிச் சுற்றித் துடைத்து மெஷினுக்குள் போட்டேன்.

கர்... கர்... கர்... பெட்டி இருமியது. திரையில் இரண்டு வரி வந்தது. நின்றது. மறுபடி போட்டேன். மறுபடி இருமல். பத்து தடவை போட்டிருப்பேன்.

“நான்தான் சொன்னேனே, சுழி சரியில்ல” என்றேன்.

வசந்தா மேஜை மேல் வைத்திருந்த சர்ட்டிபிகேட்டை எடுத்தாள். உள்ளே ட்ரங்குப் பெட்டி மூடும் சத்தம் கேட்டது. திறக்கிற சத்தம் வேறு, மூடுகிற சத்தம் வேறு.

அந்தச் சத்தம்தான் என்னை எஸ்.பி. ரோட்டுக்குக் கிளப்பியது. வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் உடைந்த பூசணிக்காய். நாலாவது கியரை விட்டு இறங்கவில்லை.

மோந்து பார்த்த பாய்

“கோவிந்தண்ணே” என்றார் பாய், சிடியை மூக்கிலிருந்து எடுக்காமல். “மெஷினை இதைப் படிக்கச் சொன்னீங்களா, கும்புடச் சொன்னீங்களா?”

எனக்குப் புரியவில்லை. பாய் பளபளப்பான பக்கத்தை விளக்குக்குக் காட்டினார். வட்ட வட்டமாக மஞ்சள் பூச்சு. நடுவில் லேசான சிவப்பு.

“இந்தப் பக்கம்தான் எழுத்து கீது. அங்கயே போய்ச் சந்தனம் வெச்சா, பாவம் அது எப்பிடிப் படிக்கும்?”

கடையில் நின்ற இருவரும் சிரித்தார்கள். ஒருவர் கன்னடத்தில் இன்னொருவரிடம் ஏதோ சொல்ல, மறுபடி சிரித்தார்கள். நான் கத்தினது அந்தச் சந்து முழுக்கக் கேட்டிருக்கும். பாய் சோப்புத் தண்ணீரில் சிடியைக் கழுவினார். மெல்லிய துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, நேர் நேராக ஒற்றித் துடைத்தார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொடுத்தார், மெஷின் உள்ளே இருக்கிற கண்ணாடியைத் துடைக்க.

“அண்ணிகிட்ட சொல்லுங்க, ஆரம்பத்துல இந்த ஒரு வார்த்தையை அடிக்கணும். அப்போதான் படம் போட்டுக் கேக்கும்” என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

கேக்கட்டும்

வீட்டில் பஞ்சால் துடைத்துவிட்டுச் சிடியைப் போட்டேன். இருமல் இல்லை. வசந்தாவைக் கூப்பிட்டேன். அவள் சீட்டைப் பார்த்து அந்த வார்த்தையை அடித்தாள்.

ஒரு நீளப் பட்டியல் வந்தது. உலகத்து மொழிகள் எல்லாம் வரிசையாக. எந்த மொழி வேண்டும் என்று கேட்கிறது. வசந்தா அம்புக்குறியை அழுத்தி அழுத்திக் கீழே போய்க்கொண்டே இருந்தாள். திடீரென்று கை நின்றது.

தமிழ்.

நம் எழுத்தில். கட்டம் கட்டமாக இல்லை. முழுசாக, தலையும் காலுமாக.

அவள் அதை அழுத்தினாள். அதற்குப் பிறகு மெஷின் தமிழில் பேச ஆரம்பித்தது. எந்த நாடு? எந்த விசைப்பலகை? இந்தக் கணினிக்கு என்ன பெயர்? ஒன்று முடிந்தால் இன்னொன்று. நாய்க்குட்டி எதையும் கேட்காமல் ஓடியது. இது ஓயாமல் கேட்டது.

எனக்குப் பொறுமை போயிற்று. “இத்தனை கேள்வி எதுக்கு? நாமளே போட்டுக்க மாட்டமா?”

வசந்தா திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. “கேக்கட்டும்ங்க. என்னை யாரு இதுவரைக்கும் கேட்டாங்க?”

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

எல்லாம் முடிந்து வெள்ளைத்தாள் மாதிரி ஒரு திரை வந்ததும், அவள் கைகளை விரித்து வைத்தாள். இடது கை நாலு விரல், வலது கை நாலு விரல். ய ள ன க. ய ள ன க. டைப்ரைட்டிங் பழகுகிறவர்களின் முதல் பாடம். திரையில் எழுத்துகள் வரிசையாக வந்தன. குக்கர் கைப்பிடியில், பஸ் கம்பியில், பதினைந்து வருஷத்துக்கு மேலாக நான் பார்த்த அதே ஆட்டம். என்னைப் போல ஒரு புத்திசாலி அதற்கு டானிக் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

திங்கட்கிழமை நாலு பக்கம் கேட்ட சிவஞானம் சாருக்கு ஒன்பது பக்கம் போயிற்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்து, “ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லையே, கோவிந்தன்” என்றார். மெட்ராஸ் ஆள் வரவில்லை. மலரின் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், ‘கணினித் தட்டச்சு: வ. வசந்தா’ என்று வந்தது. முதல் வ அவள் அப்பா பெயர். என் பெயரைப் போடவில்லையே என்று நான் கேட்கவில்லை. வேறு எல்லாம் கேட்பேன், அதைக் கேட்கவில்லை.

விரல் நின்றது

பத்திரிகையில் இந்தத் தொடரை நான் எழுதுவதாகத்தான் போட்டு வருகிறார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்கிறேன், வசந்தா அடிக்கிறாள்.

சுழியைத் தேர்ந்தெடுத்த கதையை எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். நாலு பாடியையும் ஓட்டிப் பார்த்து, இதுதான் என்று கண்டுபிடித்தது நான்தான் என்று. சிடி பழுது, பாய் வேறு மாற்றிக் கொடுத்தார் என்று. வசந்தாவிடமும் அன்றைக்கு அப்படித்தான் சொன்னேன்.

இந்த வாரம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். “பாய் வேற சிடி குடுத்தார்” என்றதும் தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

“இன்னா, கரண்ட் போச்சா?”

“இல்ல.” விரல்கள் யளனகவில் அப்படியே இருந்தன. “அன்னிக்கே மோந்து பார்த்தேங்க.”

“எதை?”

“மெஷின்ல சிடி தட்டு திறக்கும்போதெல்லாம் சந்தன வாசனை. கல்லுல உரசினவ நானு, எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா ஏன் சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.”

இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறாள். அதனால்தான் ஆரம்பத்திலிருந்து உள்ளபடி மாற்றிச் சொன்னேன். மேலே நீங்கள் படித்தது அதுதான்.

சொல்லி முடித்ததும், “அந்த முதல் வேலை விஷயமும் இருக்கு. உங்க அண்ணன்க எதிர்ல நான் சொன்னது. அதைப் பத்தியும் ஒரு வரி அடிச்சுக்கோ” என்றேன்.

வசந்தா நாற்காலியிலிருந்து எழுந்தாள். “அதை நீங்களே அடிங்க” என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

எட்டு விரல் வேலையை ஒற்றை விரலால் செய்தேன். “புள்ளி எங்க கீது?” என்று கத்தினேன். தேடித் தேடி அடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. அவள் வந்து பார்த்தாள். எதையும் திருத்தவில்லை. கீழே இருக்கிற வரி என் கையால் அடித்தது.

உன்னைக் கேட்டிருக்கணும் வசந்தா.